ஹாப்ஸ்பர்க் அரச மரபின் திருமண உறவுகள்

ஹாப்ஸ்பர்க் அரச மரபின் திருமண உறவுகள் என்பது, ஐரோப்பாவின் பெரும் பகுதிகளைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தினர் பிற அரச குடும்பங்களுடனும் தமக்குள்ளேயும் ஏற்படுத்திக்கொண்ட மணத்தொடர்புகளைக் குறிக்கும். இக் குடும்பம் 1477 முதல் 1526 வரையான ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், திருமணங்களின் வழியே பர்கண்டி, நெதர்லாந்து, ஸ்பெயின், பொஹீமியா, ஹங்கேரி ஆகிய நாடுகளின் மீது உரிமை பெற்றது. பின்னர், பெற்ற நாடுகள் குடும்பத்தைவிட்டு வெளியேறாதிருக்கும் பொருட்டு அதன் இரு கிளைகளும் தமக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மணம் செய்துகொண்டன. 1700 ஆம் ஆண்டில் ஸ்பானியக் கிளை வாரிசின்றி அழிந்ததற்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்சாவளியை ஆய்வோர் மிகுதியாக எடுத்துக்காட்டும் மரபுகளுள் இதுவும் ஒன்றாகும்.

தோற்றம்

இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் 11 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஹாப்ஸ்பர்க் கோட்டையிலிருந்து இம் மரபு தன் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் இவர்கள் சிறிய நிலப்பகுதிகளை ஆண்ட பிரபுக்களாகவே இருந்தனர். 1273 ஆம் ஆண்டில் முதலாம் ருடோல்ப் ஜெர்மானியரின் மன்னராகத் தெரிவு செய்யப்பட்டபோது இக் குடும்பத்தின் நிலை உயர்ந்தது. 1278 ல் பொஹீமிய மன்னர் இரண்டாம் ஒட்டோகாரைப் போரில் வென்ற ருடோல்ப், 1282 ல் ஆஸ்திரியாவையும் ஸ்டீரியாவையும் தன் மகன்களுக்கு வழங்கினார். தன் ஆறு மகள்களையும் அவர் ஆட்சியாளர் குடும்பங்களிலேயே மணம் செய்து கொடுத்தார். தோற்கடிக்கப்பட்ட ஒட்டோகாரின் மகனும் அவருடைய மருமகன்களுள் ஒருவர் ஆவார். போரில் பெற்றதைத் திருமணத்தால் உறுதி செய்யும் இம்முறை பின்வந்தோராலும் பின்பற்றப்பட்டது.

பின்னணி

வாரிசுரிமை

இடைக்கால ஐரோப்பாவில் நாடு என்பது பெரும்பாலும் ஆளும் குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாகவே கருதப்பட்டது. ஆண் வாரிசு இல்லாத இடத்துப் பல நாடுகளில் மகளே உரிமை பெற்றாள். அவளுடைய உரிமை அவள் பிள்ளைகளுக்குச் சென்றமையால், திருமணத்தின் வழியே ஒரு நாடு முழுவதும் வேறொரு குடும்பத்தின் கைக்கு மாற இயன்றது. பிரான்சு போன்ற சில நாடுகளில் பெண்வழி உரிமை ஏற்கப்படவில்லை.

இவ்வுரிமை எப்போது பயன்தரும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. ஒரு திருமணத்தின்போது உரிமை வரிசையில் பலர் முன்னால் இருக்கலாம். அவர்கள் அனைவரும் பிள்ளையின்றி இறந்தால் மட்டுமே நாடு கைமாறும். ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு ஸ்பெயினும் ஹங்கேரியும் கிடைத்தது இவ்வாறான எதிர்பாரா இறப்புகளினாலேயே ஆகும்.

திருச்சபைச் சட்டம்

கத்தோலிக்கத் திருச்சபை நெருங்கிய உறவினரிடையே திருமணத்தைத் தடை செய்திருந்தது. 1215 ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இத்தடையை ஏழாம் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறைக்குக் குறைத்தது. எனினும் திருத்தந்தை விரும்பினால் தடையை நீக்கிச் சிறப்பு அனுமதி வழங்கலாம். அரச குடும்பங்கள் இவ்வனுமதியைத் தொடர்ந்து பெற்றுவந்தன.

மாமன் மகள், அத்தை மகள், சிற்றப்பன் மகள், சிற்றன்னை மகள் ஆகிய எல்லா உறவுகளையும் இன்றைய ஐரோப்பிய மொழிகள் பல ஒரே சொல்லாலேயே குறிக்கின்றன. திருச்சபைச் சட்டமும் இவற்றுக்கிடையே முறையுள்ளது, முறையற்றது என வேறுபாடு செய்யவில்லை. பொது மூதாதையரிடமிருந்து எத்தனை தலைமுறை விலகியுள்ளனர் என்பதே கணக்கிடப்பட்டது.

பதிலாள் திருமணம்

மணமக்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கும்போது, மணமகனின் இடத்தில் மற்றொருவர் நின்று திருமண உறுதிமொழியை ஏற்பது பதிலாள் திருமணம் எனப்பட்டது. இதன் பின்னரே மணமகள் தன் கணவனின் நாட்டுக்குப் பயணமானாள். மணமக்கள் பலர் திருமணம் முடிந்த பின்பே ஒருவரை ஒருவர் முதன்முறையாகக் கண்டனர்.

பர்கண்டித் திருமணம்

பர்கண்டியின் கோமகன் துணிவர் சார்லஸ் 1477 ஆம் ஆண்டு ஜனவரியில் நான்சிப் போரில் கொல்லப்பட்டார். அவருடைய ஒரே மகளான மேரி, செல்வம் மிக்க நெதர்லாந்து நகரங்கள் உள்ளிட்ட நாடுகளுக்கு வாரிசானார். அவற்றுள் சிலவற்றைப் பிரான்சு மன்னர் பதினோராம் லூயி கைப்பற்ற முனைந்த நிலையில், மேரி அதே ஆண்டு ஆகஸ்டில் கென்ட் நகரில் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கின் மகனான மாக்சிமிலியனை மணந்தார்.

இவர்களுக்குப் பிலிப், மார்கரெட் என்னும் இரு பிள்ளைகள் எஞ்சினர். மேரி 1482 ல் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். அதன் பின்னர் மாக்சிமிலியன் தன் மகனின் உரிமைக்காகப் பிரான்சுடனும் நெதர்லாந்து நகரங்களுடனும் போரிட வேண்டியிருந்தது. 1493 ஆம் ஆண்டின் சென்லிஸ் உடன்படிக்கையே இப்போட்டியைத் தற்காலிகமாக முடித்துவைத்தது.

இக்காலத்தில் திருமண ஏற்பாடுகள் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கு மார்கரெட்டின் வாழ்க்கை எடுத்துக்காட்டாகும். மூன்று வயதில் பிரான்சு மன்னர் குடும்பத்துக்கு நிச்சயிக்கப்பட்டு, எதிர்கால அரசியாக அங்கே வளர்க்கப்பட்டார். ஆனால் எட்டாம் சார்லஸ் 1491 ல் பிரித்தானியின் அன்னாவை மணந்துகொண்டார். இந்த அன்னாவோ முந்திய ஆண்டில் மார்கரெட்டின் தந்தையான மாக்சிமிலியனைப் பதிலாள் முறையில் மணந்திருந்தவர். இவ்வாறு ஒரே திருமணத்தால் தந்தை தன் மனைவியையும் மகள் தன் மணமகனையும் இழந்தனர். மார்கரெட் 1493 ல் தந்தையிடம் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஸ்பானிய இரட்டைத் திருமணம்

பிரான்சைத் தம் பொது எதிரியாகக் கருதிய மாக்சிமிலியனும், அரகானின் பெர்டினண்ட், கஸ்டிலின் இசபெல்லா ஆகியோரும் தத்தம் மகனையும் மகளையும் மாற்றி மணம் செய்விக்க உடன்பட்டனர். 1496 ல் பிலிப், ஸ்பானிய இளவரசி ஜுவானாவை மணந்தார். 1497 ல் மார்கரெட், ஸ்பானியப் பட்டத்து இளவரசர் ஜுவானை மணந்தார்.

ஸ்பெயினை அடைவது இத்திருமணத்தின் நோக்கமாக இருக்கவில்லை. ஜுவானாவுக்கு முன்னால் ஓர் அண்ணனும் ஒரு தமக்கையும் இருந்தனர். ஆனால் இளவரசர் ஜுவான் மணமாகி ஆறே மாதங்களில் இறந்தார். தமக்கை இசபெல்லா 1498 ல் பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். அவருடைய குழந்தை மிகுவல் 1500 ல் இறந்தது. மூன்றே ஆண்டுகளில் ஜுவானா வாரிசானார்.

பிலிப் 1506 ல் இறந்தார். ஜுவானா மனநலம் குன்றியவர் எனக் கூறப்பட்டு, 1509 முதல் 1555 ல் இறக்கும் வரை டோர்டெசியாசில் அடைத்து வைக்கப்பட்டார். சட்டப்படி அவரே அரசியாக இருந்தபோதும், முதலில் அவருடைய தந்தையும் பின்னர் மகனும் அவர் பெயரால் ஆட்சி நடத்தினர். அவருடைய நோயின் தன்மை பற்றியும், அது அரசியல் நோக்குடன் மிகைப்படுத்தப்பட்டதா என்பது பற்றியும் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வியன்னா இரட்டைத் திருமணம்

1515 ஆம் ஆண்டு ஜூலையில் மாக்சிமிலியன், போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்மண்ட், பொஹீமிய-ஹங்கேரிய மன்னர் இரண்டாம் விளாடிஸ்லாவ் ஆகியோர் வியன்னாவில் கூடினர். அங்குள்ள புனித ஸ்தேவான் பேராலயத்தில் விளாடிஸ்லாவின் மகன் லூயிக்கும் மாக்சிமிலியனின் பேத்தி மேரிக்கும் மணவுறுதி செய்யப்பட்டது. இருவருக்கும் அப்போது ஒன்பது வயது. லூயியின் தமக்கை அன்னாவை மாக்சிமிலியனின் பேரன்களுள் ஒருவருக்கு மணம் செய்விப்பதென முடிவாயிற்று. எந்தப் பேரன் என்பது முடிவு செய்யப்படாதிருந்தமையால், 56 வயதான மாக்சிமிலியனே மணமகனின் இடத்தில் நின்று பன்னிரண்டு வயது அன்னாவுக்கு உறுதிமொழி அளித்தார். பின்னர் 1521 ல் பேரன் பெர்டினண்ட் அன்னாவை மணந்தார்.

1526 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் நாள் மொகாச்சில் ஒட்டோமான் படைகளிடம் தோல்வியுற்ற லூயி, இருபதாம் வயதில் பிள்ளையின்றி இறந்தார். அதே ஆண்டில் அவருடைய தமக்கை கணவரான பெர்டினண்ட் பொஹீமியாவின் மன்னராகவும், ஹங்கேரியின் ஒரு பிரிவினரால் அந்நாட்டு மன்னராகவும் தெரிவு செய்யப்பட்டார். ஹங்கேரியில் ஜான் சபோல்யா என்பவர் போட்டி மன்னராக விளங்கியதால் நீண்ட போர் தொடர்ந்தது. திருமணம் உரிமையைத் தந்ததேயன்றி நாட்டை நேரடியாகத் தந்துவிடவில்லை என்பதை இது காட்டுகின்றது.

ஐந்தாம் சார்லசும் உடன்பிறந்தோரும்

பிலிப்பு, ஜுவானா இணையரின் ஆறு பிள்ளைகளும் முடி சூடியோராகவோ முடி சூடியோரின் துணைவியராகவோ ஆயினர்.

- எலியனோர்: 1518 ல் போர்த்துகல் மன்னர் முதலாம் மானுவலையும், அவர் இறந்தபின் 1530 ல் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிசையும் மணந்தார்.
- ஐந்தாம் சார்லஸ்: 1516 ல் ஸ்பெயினின் மன்னரானார், 1519 ல் பேரரசராகத் தெரிவு செய்யப்பட்டார். 1526 ல் போர்த்துகலின் இசபெல்லாவை மணந்தார்.
- இசபெல்லா: 1515 ல் டென்மார்க்கின் இரண்டாம் கிறிஸ்தியானை மணந்தார். கணவர் 1523 ல் ஆட்சியை இழந்ததால் நாட்டைவிட்டு வெளியேறி, 24 வயதில் இறந்தார்.
- முதலாம் பெர்டினண்ட்: ஆஸ்திரியக் கிளையின் மூதாதை. இவருக்கும் அன்னாவுக்கும் 15 பிள்ளைகள் பிறந்தனர்.
- மேரி: ஹங்கேரியின் இரண்டாம் லூயியின் மனைவி. கணவர் இறந்தபின் மறுமணம் செய்யவில்லை.
- காத்தரின்: தந்தை இறந்தபின் பிறந்து, டோர்டெசியாசில் தாயுடன் வளர்ந்தார். 1525 ல் போர்த்துகலின் மூன்றாம் ஜானை மணந்தார்.

1521, 1522 ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி ஆஸ்திரிய நாடுகளைச் சார்லஸ் தன் தம்பி பெர்டினண்டுக்கு வழங்கினார். இவ்வாறு ஸ்பானியக் கிளை, ஆஸ்திரியக் கிளை என இரு கிளைகள் தோன்றின.

உறவுத் திருமணங்கள்

இரு கிளைகளும் தமக்குள் பெண் கொண்டும் கொடுத்தும் வந்ததற்குப் பல காரணங்கள் இருந்தன. ஒரு கிளை அற்றுப்போனால் அதன் நாடுகள் மற்றக் கிளைக்கே செல்லவேண்டும் என்பது முதன்மையானது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின்னர் பல அரச குடும்பங்கள் சீர்திருத்தத் திருச்சபைகளில் சேர்ந்தமையால், கத்தோலிக்க மணமக்களைத் தேடும் வட்டம் குறுகியது மற்றொரு காரணமாகும். தகுதியில் சமமான குடும்பத்திலேயே மணம் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இதற்குத் துணை நின்றது.

ஸ்பானியக் கிளை மன்னர்களின் திருமணங்கள் பின்வருமாறு:

- ஐந்தாம் சார்லஸ் - போர்த்துகலின் இசபெல்லா (1526): தாயின் தங்கை மகள்.
- இரண்டாம் பிலிப் - போர்த்துகலின் மரியா மனுவேலா (1543): தந்தை வழியில் அத்தை மகள், தாய் வழியில் மாமன் மகள்.
- இரண்டாம் பிலிப் - இங்கிலாந்தின் முதலாம் மேரி (1554): தந்தை சார்லசின் சிற்றன்னை மகள். பிள்ளைகள் இல்லை.
- இரண்டாம் பிலிப் - பிரான்சின் எலிசபெத் (1559): இரு மகள்கள்.
- இரண்டாம் பிலிப் - ஆஸ்திரியாவின் அன்னா (1570): தங்கை மகள்.
- மூன்றாம் பிலிப் - ஆஸ்திரியாவின் மார்கரெட் (1599): தாய் அன்னாவின் சிற்றப்பன் மகள்.
- நான்காம் பிலிப் - பிரான்சின் எலிசபெத் (1615).
- நான்காம் பிலிப் - ஆஸ்திரியாவின் மரியானா (1649): தங்கை மகள்.
- இரண்டாம் சார்லஸ் - ஓர்லியன்சின் மரீ லூயிஸ் (1679): அத்தையின் மகன்வழிப் பேத்தி.
- இரண்டாம் சார்லஸ் - நியூபர்க்கின் மரியா அன்னா (1690).

இவற்றுள் தங்கை மகளை மணந்த இரு திருமணங்களிலும் ஓர் ஒற்றுமை காணப்படுகின்றது. அன்னா முதலில் இரண்டாம் பிலிப்பின் மகன் டொன் கார்லோசுக்கும், மரியானா முதலில் நான்காம் பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோசுக்கும் நிச்சயிக்கப்பட்டவர்கள். மகன் இறந்துவிடவே, ஆண் வாரிசின்றி மனைவியையும் இழந்திருந்த தந்தையே மணமகனாக வேண்டியதாயிற்று. 1649 ல் நான்காம் பிலிப்புக்கு வயது 44. மரியானாவுக்கு வயது 14.

போர்த்துகலுடனான மணத்தொடர்புகளின் பயன் 1580 ல் கிடைத்தது. அந்நாட்டு அரச மரபு வாரிசின்றி முடிவுற்றபோது, தன் தாய் இசபெல்லாவின் வழியில் உரிமை கோரிய இரண்டாம் பிலிப், படை அனுப்பி அதனைக் கைப்பற்றினார். 1640 வரை ஸ்பெயின் மன்னர்களே போர்த்துகலின் மன்னர்களாகவும் இருந்தனர். இதனால் ஆசியாவில் இருந்த போர்த்துக்கீசரின் பகுதிகளும் ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் கீழ் வந்தன. 1619 ல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தபோது போர்த்துகலின் மன்னராக இருந்தவர் மூன்றாம் பிலிப்பே ஆவார்.

இரண்டாம் சார்லசின் வம்சாவளி

நான்காம் பிலிப்புக்கும் மரியானாவுக்கும் பிறந்த ஆண் குழந்தைகளுள் இருவர் சிறுவயதிலேயே இறந்தனர். அவர்களுள் பெலிப்பே புரோஸ்பெரோ 1661 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இறந்தார். ஐந்து நாட்களுக்குப் பின்னர் பிறந்தவரே இரண்டாம் சார்லஸ். இவர் 1665 ல் தன் நான்காம் வயதுக்கு முன்பே மன்னரானார். சிறுவயதில் பேசவும் நடக்கவும் மிகவும் தாமதமாகக் கற்றார். வாழ்நாள் முழுவதும் நோயுற்றிருந்தார். இரு திருமணங்களிலும் இவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

சாதாரணமாக ஒருவருக்கு இரு பெற்றோர், நான்கு பாட்டன் பாட்டியர், எட்டுப் பூட்டன் பூட்டியர் எனத் தலைமுறைதோறும் மூதாதையர் எண்ணிக்கை இருமடங்காகும். உறவினர் மணக்கும்போது ஒரே மூதாதை பல இடங்களில் தோன்றுவதால் இவ்வெண்ணிக்கை குறைகின்றது. இரண்டாம் பிலிப்பின் முதல் மகனான டொன் கார்லோசுக்கு எட்டுப் பூட்டன் பூட்டியருக்குப் பதிலாக நால்வரே இருந்தனர். இரண்டாம் சார்லசின் வம்சாவளியில் மூன்றாம் பிலிப்பும் மார்கரெட்டும் தந்தை வழியில் பாட்டன் பாட்டியராகவும், தாய் வழியில் பூட்டன் பூட்டியராகவும் இடம்பெறுகின்றனர். ஜுவானா அரசியிடமிருந்து இரண்டாம் சார்லசை வந்தடையும் வழிகளை எண்ணினால், தந்தை வழியாக ஐந்தும் தாய் வழியாக ஒன்பதும் ஆக மொத்தம் பதினான்கு கிடைக்கின்றன.

மரபியல் ஆய்வுகள்

2009 ஆம் ஆண்டில் ஸ்பெயினின் சந்தியாகோ டி கொம்போஸ்தெலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்சாலோ அல்வாரெசும் அவருடைய குழுவினரும், 16 தலைமுறைகளைச் சேர்ந்த 3,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்ட வம்சாவளியை ஆய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒருவர் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெறும் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருப்பதற்கான நிகழ்தகவு உட்கலப்புக் கெழு எனப்படும். பெற்றோர் உடன்பிறந்தோரின் பிள்ளைகளாயின் இது 0.0625, மாமனும் தங்கை மகளுமாயின் 0.125, உடன்பிறந்தோராயின் 0.25 ஆகும். ஜுவானாவின் கணவர் பிலிப்புக்கு 0.025 ஆக இருந்த இக்கெழு, இரண்டாம் சார்லசுக்கு 0.254 ஆக உயர்ந்திருந்தது. அதாவது, பல தலைமுறைகளின் உறவுத் திருமணங்கள் சேர்ந்து, உடன்பிறந்தோர் மணந்தால் ஏற்படும் அளவை எட்டிவிட்டன. ஸ்பானியக் கிளையின் 11 திருமணங்களில் 9 உறவினரிடையே நிகழ்ந்தவை.

1527 முதல் 1661 வரை ஸ்பானிய மன்னர் குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளுள் 10 பேர் ஓராண்டு நிறைவதற்கு முன்பும், 17 பேர் பத்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்பும் இறந்தனர் என்பதும் இவ்வாய்வில் கூறப்பட்டுள்ளது. அக்காலத்து ஸ்பானியச் சிற்றூர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் குழந்தைகள் ஓராண்டைக் கடந்து வாழ்ந்தனர். சிறந்த உணவும் மருத்துவமும் கிடைத்த அரண்மனையில் இறப்பு இதைவிட மிகுந்திருந்தது.

ஹாப்ஸ்பர்க் தாடை எனப் பெயர்பெற்ற, முன்னோக்கி நீண்ட கீழ்த்தாடை பற்றியும் ஆய்வுகள் நடந்துள்ளன. 2019 ல் வெளியான ஆய்வொன்றில் முகத்தாடை அறுவை மருத்துவர்கள் 10 பேர் 66 ஓவியங்களை ஆராய்ந்தனர். உட்கலப்பு அளவுக்கும் தாடை நீட்சிக்கும் தொடர்பு இருப்பதாக அவ்வாய்வு காட்டியது.

எனினும் இம்முடிவுகளை எச்சரிக்கையுடன் அணுகவேண்டியுள்ளது. இரண்டாம் சார்லசுக்கு இருந்ததாகக் கூறப்படும் மரபுநோய்கள், வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து ஊகிக்கப்பட்டவையே. மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்பட்டவை அல்ல. பெரியம்மை போன்ற தொற்றுநோய்களும் அக்கால அரண்மனைகளில் பலரைக் கொன்றன. ஓவியங்களும் நிழற்படத்துக்கு இணையான சான்றுகள் அல்ல.

பிரான்சுடனான உறவும் வாரிசுரிமைப் போரும்

ஹாப்ஸ்பர்க் குடும்பம் தன் முதன்மைப் போட்டியாளரான பிரான்சின் பூர்பன் குடும்பத்துடனும் மணத்தொடர்பு கொண்டிருந்தது. 1615 ல் மூன்றாம் பிலிப்பின் மகள் அன்னா, பிரான்சின் பதின்மூன்றாம் லூயியை மணந்தார். லூயியின் தங்கை எலிசபெத், பின்னாளில் நான்காம் பிலிப்பான ஸ்பானிய இளவரசரை மணந்தார். 1660 ல் இவ்விரு இணையரின் பிள்ளைகளான பதினான்காம் லூயியும் மரியா தெரேசாவும் மணந்துகொண்டனர்.

1659 ஆம் ஆண்டின் பிரனீஸ் உடன்படிக்கையின்படி மரியா தெரேசா ஸ்பானிய அரியணை மீதான தன் உரிமையைத் துறந்தார். அதற்கு ஈடாக 500,000 பொற்காசுகள் சீதனமாக அளிக்கப்பட வேண்டும். பொருள் நெருக்கடியில் இருந்த ஸ்பெயின் அதனைச் செலுத்தவில்லை. சீதனம் செலுத்தப்படாமையால் உரிமைத் துறப்பும் செல்லாது எனப் பிரான்சு வாதிட்டது.

1666 ல் மரியா தெரேசாவின் தங்கை மார்கரீட்டா தெரேசா தன் தாய்மாமனான பேரரசர் முதலாம் லியோபோல்டை மணந்தார். டியேகோ வெலாஸ்குவெசின் லாஸ் மெனினாஸ் என்னும் 1656 ஆம் ஆண்டு ஓவியத்தின் நடுவே நிற்கும் சிறுமி இவரே. இவருடைய வளர்ச்சியைக் காட்டும் ஓவியங்கள் மணமகனின் குடும்பத்துக்காக வியன்னாவுக்கு அனுப்பப்பட்டன. இவர் 1673 ல் 21 வயதில் இறந்தார்.

இதன் விளைவாக, பதினான்காம் லூயியும் முதலாம் லியோபோல்டும் ஒருவருக்கொருவர் போட்டியாளராக இருந்தபோதும், இருவருமே மூன்றாம் பிலிப்பின் மகள்வழிப் பேரர்களாகவும் நான்காம் பிலிப்பின் மருமகன்களாகவும் இருந்தனர். இரண்டாம் சார்லஸ் பிள்ளையின்றி இறக்கும் நிலையில் இருவரும் தம் வழியினருக்கு உரிமை கோரினர். இரு தரப்புக்கும் பொதுவாக ஏற்கத்தக்கவராகக் கருதப்பட்டவர், மார்கரீட்டா தெரேசாவின் பேரனான பவேரியாவின் ஜோசப் பெர்டினண்ட். ஆனால் இவர் 1699 ல் ஆறு வயதில் இறந்தார்.

1700 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இறந்த சார்லஸ், தன் தமக்கை மரியா தெரேசாவின் பேரனான அஞ்சூவின் பிலிப்புக்குத் தன் நாடுகள் முழுவதையும் உயிலில் எழுதிவைத்திருந்தார். இதனால் மூண்ட ஸ்பானிய வாரிசுரிமைப் போர் 1701 முதல் 1714 வரை நடைபெற்றது. 1713 ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையும் 1714 ஆம் ஆண்டின் ராஸ்டாட் உடன்படிக்கையும் பூர்பன் குடும்பத்தவரான பிலிப்பை ஸ்பெயினின் மன்னராக ஏற்றன. ஸ்பானிய நெதர்லாந்து, மிலான், நேப்பிள்ஸ் ஆகியவை ஆஸ்திரியாவுக்குச் சென்றன. ஜிப்ரால்டரைப் பிரித்தானியா பெற்றது. இருநூறு ஆண்டுகளாகக் குடும்பத்துக்குள் காக்கப்பட்ட ஸ்பெயின், காப்பதற்கெனச் செய்யப்பட்ட திருமணங்களுக்குப் பின்னரும் வேறு குடும்பத்தின் கைக்கு மாறியது. 2014 ல் அரியணை ஏறிய ஸ்பெயின் மன்னர் ஆறாம் பிலிப் இந்தப் பூர்பன் மரபைச் சேர்ந்தவர் ஆவார்.

மரியா தெரேசாவும் ஹாப்ஸ்பர்க்-லொரேன் மரபும்

ஆஸ்திரியக் கிளையிலும் ஆண் வாரிசு அற்றுப்போகும் நிலை உருவாயிற்று. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713 ல் பெண்ணும் வாரிசாகலாம் என ஆணையிட்டு, அதனைப் பிற அரசுகள் ஏற்கச் செய்யப் பல ஆண்டுகள் முயன்றார். அவருடைய மகள் மரியா தெரேசா, 1736 ல் லொரேனின் பிரான்சிஸ் ஸ்டீபனை மணந்தார். 1740 ல் சார்லஸ் இறந்தவுடன் பிரஷ்யா சைலீசியாவைத் தாக்கியது. எட்டு ஆண்டுப் போருக்குப் பின்னர் சைலீசியாவின் பெரும்பகுதியை இழந்தபோதும், ஏனைய நாடுகளுட் பெரும்பாலானவற்றை மரியா தெரேசா காத்துக்கொண்டார்.

இவ்விணையருக்கு 16 பிள்ளைகள் பிறந்தனர். இவர்களின் வழியினரே ஹாப்ஸ்பர்க்-லொரேன் மரபினர். பிள்ளைகளுட் பலருக்குப் பூர்பன் குடும்பங்களில் திருமணம் ஏற்பாடு செய்யப்பட்டது. நேப்பிள்ஸ் மன்னருக்கு நிச்சயிக்கப்பட்ட மரியா ஜோசபா 1767 ல் பெரியம்மையால் இறந்தபோது, அவருடைய தங்கை மரியா கரோலினா அவ்விடத்துக்கு அனுப்பப்பட்டார். கடைசி மகளான மரீ அன்டோனெட் 1770 ல் 14 வயதில் பிரான்சின் பட்டத்து இளவரசரை மணந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 அக்டோபர் 16 ஆம் நாள் கொல்லப்பட்டார். மரியா கிறிஸ்டினா மட்டுமே தான் விரும்பியவரை மணக்க அனுமதிக்கப்பட்டார்.

1810 ல் பேரரசர் முதலாம் பிரான்சிஸ், தன்னைப் போரில் வென்ற நெப்போலியனுக்குத் தன் மகள் மரீ லூயிசை மணம் செய்து கொடுத்தார். மரீ லூயிஸ், மரீ அன்டோனெட்டின் அண்ணனுடைய மகன்வழிப் பேத்தி ஆவார். மரீ லூயிசின் தங்கை லியோபோல்தினா 1817 ல் போர்த்துகல் இளவரசர் பெட்ரோவை மணந்து, 1822 ல் பிரேசிலின் பேரரசியானார்.

சமகுலத் திருமண விதி

19 ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தினர் அரச குடும்பத்திலோ அதற்குச் சமமாக ஏற்கப்பட்ட குடும்பத்திலோ மட்டுமே மணம் செய்யவேண்டும் என்பது 1839 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தால் வலியுறுத்தப்பட்டது. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1854 ல் மணந்த எலிசபெத், அவருடைய தாயின் தங்கை மகள் ஆவார்.

பிரான்ஸ் ஜோசப்பின் தம்பி மகனும் வாரிசுமான பிரான்ஸ் பெர்டினண்ட், பொஹீமியப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த சோபி சோட்டெக்கை மணக்க விரும்பினார். சோபியின் குடும்பம் சமமானதாக ஏற்கப்படவில்லை. சோபி பேரரசியாகார், பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை எனப் பிரான்ஸ் பெர்டினண்ட் 1900 ஜூன் 28 ஆம் நாள் உறுதிமொழி அளித்த பின்னரே திருமணம் நடைபெற்றது. சரியாகப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1914 ஜூன் 28 ஆம் நாள் இருவரும் சரயேவோவில் கொல்லப்பட்டனர். சோபிக்கு வியன்னாவின் அரச கல்லறையில் இடமில்லை என்பதால் இருவரும் ஆர்ட்ஸ்டெட்டன் மாளிகையில் அடக்கம் செய்யப்பட்டனர். இக்கொலையைத் தொடர்ந்து முதல் உலகப் போர் மூண்டது. 1918 ல் ஹாப்ஸ்பர்க் ஆட்சி முடிவுற்றது. 1919 ல் ஆஸ்திரியக் குடியரசு பிரபுத்துவப் பட்டங்களைச் சட்டத்தால் ஒழித்தது.

பெண்களின் நிலை

இத்திருமணங்களில் பெண்களின் விருப்பம் பெரும்பாலும் கேட்கப்படவில்லை. பலர் சிறுவயதிலேயே மொழி தெரியாத நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். தொடர்ந்த பிள்ளைப்பேறு பலரின் உயிரைப் பறித்தது. ஆயினும் இவர்கள் வெறும் பரிமாற்றப் பொருள்களாக மட்டும் இருந்துவிடவில்லை. இரு முறை கணவனை இழந்த மார்கரெட், மூன்றாம் முறை மணக்க மறுத்து, 1507 முதல் இடைவெளியுடன் 1530 வரை நெதர்லாந்தை ஆண்டார். அவருக்குப் பின் ஹங்கேரியின் மேரி 1531 முதல் 1555 வரை அப்பதவியில் இருந்தார். மரியானா தன் மகன் இரண்டாம் சார்லஸ் சிறுவனாக இருந்தபோது ஸ்பெயினின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

வம்சாவளிப் பதிவுகள்

அரச உரிமைகள் பிறப்பையும் திருமணத்தையும் சார்ந்திருந்தமையால் வம்சாவளி எழுதுதல் அரசுப் பணியாகவே விளங்கியது. முதலாம் மாக்சிமிலியன் தன் முன்னோரை ஆராய அறிஞர்களை நியமித்தார். அவர்களுள் ஒருவரான யாக்கோப் மென்னல் எழுதிய வரலாறு, ஹாப்ஸ்பர்க் மரபைத் திராய் நகரத்து ஹெக்டருடன் இணைத்தது. இன்ஸ்புரூக் நகரிலுள்ள மாக்சிமிலியனின் நினைவுக் கல்லறையைச் சூழ 28 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. உண்மையான உறவினருடன் ஆர்தர் மன்னர் போன்ற கதை மாந்தரும் அவற்றுள் இடம்பெற்றுள்ளனர். இதனால் இவ்வகைப் பழைய வம்சாவளிகளை வேறு சான்றுகளுடன் ஒப்பிட்டே ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர்.

மதிப்பீடு

மற்றவர்கள் போரால் பெறுவதை ஆஸ்திரியா திருமணத்தால் பெறுகின்றது என்னும் கருத்துடைய லத்தீன் வாசகம் ஒன்று நீண்டகாலமாக வழங்கி வருகின்றது. இது முழு உண்மை அன்று. பர்கண்டி, ஹங்கேரி, போர்த்துகல் ஆகிய மூன்றிலும் திருமணத்தால் வந்த உரிமையை நிலைநாட்டப் போர் தேவைப்பட்டது. அதேபோல, திருமண உறவுகள் அமைதியையும் உறுதி செய்யவில்லை. ஐந்தாம் சார்லஸ் தன் தமக்கை கணவரான முதலாம் பிரான்சிசுடனும், பதினான்காம் லூயி தன் மாமனாரின் நாட்டுடனும் போரிட்டனர்.

ஒரு குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் பல நாடுகளின் மக்களது வாழ்வைத் தீர்மானித்த காலத்தின் எடுத்துக்காட்டாக இம்மரபின் வரலாறு விளங்குகின்றது. திருமணத்தால் நாடுகளை இணைக்கும் முறை, வாரிசு இருக்கும் வரையிலேயே பயன் தந்தது. வாரிசு அற்றபோது அதே உறவுகள் பல தரப்பினருக்கும் உரிமையை அளித்து, பெரும் போர்களுக்கு வழிவகுத்தன.